ஊஞ்சல் பலகை கோடவுனுக்குப் போகும் வழி: குட்டி யானையா, லாரி சர்வீஸா, அனுப்பாமலே விடுவதா?

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகிற சாலையில், லத்தேரி பக்கம் எங்கள் பட்டறை. தேக்கு ஊஞ்சல் பலகைதான் பிரதான வேலை. ஆர்டர் வரும் முன்பே அமேசான் மாதிரி ஆன்லைன் தளத்தின் கோடவுனில் சரக்கை வைத்து விற்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்தப் பக்கத்து மரவேலைக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளோ பெரிய சாமானை அவங்க கோடவுனுக்கு எதுலண்ணா அனுப்பறீங்க?" எல்லா வழியிலும் அனுப்பிப் பார்த்துவிட்டேன். பெரிய சாமானுக்கு வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பட்டறையிலிருந்து கிளம்பி கோடவுன் அலமாரியில் ஏறும் வரை அது எத்தனை கை மாறுகிறது என்று முதலில் எண்ண வேண்டும்.

வண்டியைப் பேசும் முன் அளக்கும் டேப்பை எடுங்கள். உங்கள் சாமான் உண்மையிலேயே பெரிய சாமான்தானா? அமேசான் இந்தியா கணக்கில் ஒரு பெட்டி 22.5 கிலோவைத் தாண்டினாலோ, நீளமான பக்கம் 183 செ.மீ.யைத் தாண்டினாலோ, சுற்றளவுக் கணக்கு 300 செ.மீ.யைத் தாண்டினாலோ அது கனமான, பருமனான வகைக்குப் போய்விடும். சுற்றளவுக் கணக்கு என்பது நீளத்தோடு, அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரட்டித்துச் சேர்ப்பது. ஒரே பொருள் இரண்டு பெட்டியில் போனாலும் அதே வகைதான்.

எங்கள் 5 அடிக்கு 2 அடி பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அங்குல கனத்தில் மரம் மட்டும் 23 கிலோ வரும். அட்டை, ஃபோம், மூலைக் காப்பு எல்லாம் சேர்த்து 26. பெட்டி 160 × 68 × 10 செ.மீ. சுற்றளவுக் கணக்கு 316. எடையிலும் தாண்டிவிட்டது, சுற்றளவிலும் தாண்டிவிட்டது. அதே பலகையை நாலரை அடிக்கு 20 அங்குலமாக அறுத்தால் பெட்டி 145 × 58 × 10-ல் அடங்கிவிடும். சுற்றளவு 281, மொத்த எடை 20 கிலோவை ஒட்டி நிற்கும். சாதாரண சாமானாகவே உள்ளே போகிறது. அரை அடி நீளமும் நாலு அங்குல அகலமும்தான் வித்தியாசம், ஆனால் கட்டணம், கோடவுன், டெலிவரிக்கு வரும் வண்டி எல்லாமே மாறிவிடும். பித்தளைச் சங்கிலியையும் பலகையோடு ஒரே விற்பனையாகச் சேர்க்காமல் தனிப் பொருளாகப் போட்டுவிட்டேன். சேர்த்திருந்தால் இரண்டு பெட்டி ஆகி, சின்னப் பலகையும் பெரிய சாமான் வரிசையில் போய் நின்றிருக்கும்.

இனி வண்டிகளுக்கு வருவோம். லாரி சர்வீஸில் பார்ட் லோடு, அதாவது முழு வண்டி எடுக்காமல் மற்றவர்கள் சரக்கோடு சேர்த்துப் போடுவதுதான் எல்லோரும் முதலில் நினைப்பது. வேலூரில் புக்கிங் ஆபீஸுக்குப் பஞ்சமில்லை. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48 ஊரைத் தொட்டுக்கொண்டு போவதால் இரண்டு பக்கமும் தினமும் வண்டி உண்டு. விலை கேட்கும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "ஒரு கன அடிக்கு எத்தனை கிலோ போடறீங்க?" நிஜ எடை, பெட்டி அளவை வைத்துப் போடும் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். எங்கள் பெரிய பலகைப் பெட்டி 3.84 கன அடி. அடிக்கு 6 கிலோ என்று போட்டால் 23 கிலோ, அது நிஜ எடைக்குள் அடங்கிவிடும். 10 கிலோ என்று போட்டால் 38 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று சொல்வதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால், குறைவாகச் சொன்னவரிடமே அதிகம் கட்டுவோம்.

இதில் கையை எண்ணிப் பாருங்கள். எங்கள் ஆள் ஆட்டோவில் ஏற்றுவது ஒன்று. புக்கிங் ஆபீஸில் இறக்குவது இரண்டு. ராத்திரி லாரியில் ஏற்றுவது மூன்று. சென்னை ஷெட்டில் இறக்குவது நான்கு. அங்கிருந்து சின்ன வண்டியில் ஏற்றுவது ஐந்து. கோடவுன் வாசலில் இறக்குவது ஆறு. தேக்குப் பலகைக்கு உயிர் அதன் நாலு மூலையில் இருக்கிறது. ஆறு முறை கை மாறும் பலகையில் ஒரு மூலையாவது அடிபடத்தான் செய்யும்.

எனக்கு அது நடந்தது. ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு முன் ஆறு பலகையை ஒரு லாரி சர்வீஸில் போட்டேன். வெறும் அட்டைப் பெட்டி, மேலே பட்டை கட்டியது. வழியில் ஏதோ கனமான சரக்கை மேலே வைத்திருக்கிறார்கள். இரண்டு பெட்டியின் மூலை நசுங்கி, இன்னொன்றின் லேபிள் பாதி கிழிந்து போனது. கோடவுன் வாசலில் அந்த மூன்றையும் எடுக்கவில்லை. கொண்டுபோன டிரைவருக்கு அது எங்கள் சாமான் என்பதே தெரியாது, அவர் கையில் இருந்தது ரசீது மட்டும்தான். மூன்று பலகையும் ஷெட்டுக்குத் திரும்பி, அங்கே நாள் வாடகை ஏறி, மறுபடி வேலூர் வரை வாடகை கட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அட்டையைப் பிரித்தபோது ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மரம் பிளந்திருந்தது. செதுக்கிய ஆசாரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நான் பட்ட வருத்தம் வாடகைக்காக இல்லை.

அதனால் லாரி சர்வீஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் போட்டால் மரச்சட்டம் அடித்துத்தான் போட வேண்டும். நாலு பக்கமும் ரீப்பர் என்கிற மெல்லிய மரக்கட்டை, இரண்டு குறுக்குக் கட்டை. எடை நாலைந்து கிலோ கூடும், சட்டத்துக்குக் கூலியும் ஆகும். ஆனால் பலகை மூலை தரையைத் தொடாது. கோடவுனில் சட்டத்தோடு எடுப்பார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்க மாட்டார்கள் என்றால் இந்த வழி உங்களுக்கு அடைபட்டது.

குட்டி யானை கணக்கே வேறு. டாட்டா ஏஸின் தொட்டி சுமார் 7 அடி நீளம், கிட்டத்தட்ட 5 அடி அகலம். பெரிய பலகையைப் படுக்கப் போடாமல், நீளப் பக்கம் கீழே வர நிறுத்தி அடுக்கினால் ஒரு வரிசையில் 14 நிற்கும். எடை 364 கிலோ, வண்டி அலுங்காமல் போகும். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் உள்ளது மற்ற எல்லாவற்றையும் சுமக்கும். நிறுத்தினால் ஒவ்வொன்றும் தன் எடையைத் தானே தாங்கும். பக்கத்துக்கு ஒரு பழைய மெத்தை, நடுவில் இறுக்கிக் கட்ட ஒரு கயிறு. அவ்வளவுதான்.

வாடகை 6,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு பலகை ஏற்றினால் ஒன்றுக்கு 1,000 விழும், அது கட்டாது. 14 ஏற்றினால் 430-க்குள் வந்துவிடும். அதாவது வண்டி நிறையாமல் எடுக்கக் கூடாது. கை எத்தனை? இரண்டே இரண்டு: பட்டறையில் ஏற்றுவது, கோடவுனில் இறக்குவது.

இன்னொன்றும் உண்டு. வாசலில் நம் ஆள் நிற்கிறார். போன ஆவணிக்கு அனுப்பிய லோடில் டிரைவர் தம்பி வாசலிலிருந்து போன் செய்தார்: "அண்ணா, ஒரு பெட்டில லேபிள் மேல டேப் மினுமினுன்னு இருக்காம், மெஷின் படிக்க மாட்டேங்குதாம். வேற இருக்கா?" எங்கள் வழக்கப்படி வண்டிக் கேபினில் ஒரு கவரில் எல்லா லேபிளுக்கும் இன்னொரு பிரதி இருந்தது. ஒட்டினார், இறக்கினார், மதியம் கிளம்பிவிட்டார். இதுவே லாரி சர்வீஸாக இருந்திருந்தால் அந்தப் பெட்டி திரும்பி வந்திருக்கும். ஒரு குறை உண்டு: கோடவுனில் கொடுத்த நேரத்துக்கு வண்டி அங்கே இருந்தாக வேண்டும். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டினேன் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் பக்கம் என்றால் நான் விடியற்காலை நாலு மணிக்கே வண்டியைக் கிளப்பிவிடுவேன்.

காட்பாடி ஜங்ஷனில் ரயில் பார்சல் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் ஸ்டேஷனில் எடுத்து மறுபடி ஒரு வண்டி பிடிக்க வேண்டும். கை இன்னும் கூடும். இந்தச் சாமானுக்கு அது வேண்டாம்.

சென்னைப் பக்கமா, பெங்களூருப் பக்கமா என்பதில் தூரத்தைவிடத் தாள்தான் முக்கியம். தமிழ்நாட்டுக்குள் என்றால் அந்தக் கோடவுன் முகவரியை உங்கள் ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் தொழிலிடமாகச் சேர்த்தால் போதும். உங்கள் சரக்கு உங்கள் இடத்துக்கே போகிறது, டெலிவரி செலான் போதும், வரி இல்லை. கர்நாடகக் கோடவுன் என்றால் அங்கே தனிப் பதிவு எடுக்க வேண்டும். அங்கே போகும் உங்கள் சரக்குக்கு நீங்களே பில் போட்டு ஐ.ஜி.எஸ்.டி., அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி, கட்ட வேண்டும். அந்தப் பதிவில் அதை வரவாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பலகை விற்கும் வரை பணம் அங்கே முடங்கும். சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில்லும் அப்படியே: மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் தேவை, தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல். ஒரு பலகை 8,000 என்று போட்டாலே 14 பலகை 1,12,000 ஆகிறது, எனவே எடுத்தாக வேண்டும். 200 கி.மீ.க்கு ஒரு நாள் செல்லும். வழியில் வண்டி மாறினால் வண்டி எண்ணையும் அதில் மாற்ற மறக்கக் கூடாது.

கோடவுனுக்கே அனுப்பாமல் ஆர்டர் வந்தபின் பட்டறையிலிருந்து நேரே வாடிக்கையாளருக்கு அனுப்புவது நான்காவது வழி. ஸ்டாண்டோடு வரும் ஊஞ்சலுக்கும், 5 அடிப் பலகைக்கும் நான் இதையே சொல்வேன். காரணம் கோடவுன் வாடகை. அது மாதத்துக்கு, கன அடிக் கணக்கில் ஏறும். ஊஞ்சல் எப்போது விற்கும்? கிரகப்பிரவேசத்துக்கும் கல்யாணத்துக்கும். தை, வைகாசி, ஆவணியில் பறக்கும். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டுக்கு யார் போகிறார்கள்? 14 பெரிய பலகை 54 கன அடி. அது ஆடி முழுக்க அங்கே படுத்திருந்தால் வாடகை மட்டும்தான் ஓடும். எங்கள் பட்டறைச் சுவரில் சாய்ந்திருந்தால் காசு இல்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு நாள் அதிகம் ஆகும், சட்டம் அடிக்கும் வேலையும் நம் தலையில்.

எந்த வழியானாலும் வேலூர் வெயிலை மறக்காதீர்கள். பாலிஷ் அடித்து இரண்டு நாளில் பபிள் ஷீட் சுற்றினால், சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் அந்தக் குமிழ்கள் ஒவ்வொன்றும் பாலிஷில் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும். துடைத்தால் போகாது, தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். ஒரு வாரம் உலரவிட்டு, முதலில் மெல்லிய ஃபோம் ஷீட், அதன்மேல் பபிள் ஷீட், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல பர்மா தேக்குப் பலகையை இழந்தேன்.

இந்த வருஷம் என் ஏற்பாடு: நாலரை அடிப் பலகைகள் ஆடி கடைசி வாரத்தில் குட்டி யானையில் நிறைய ஏற்றி சென்னைப் பக்கக் கோடவுனுக்கு. 5 அடியும் ஸ்டாண்ட் ஊஞ்சலும் பட்டறையிலேயே இருக்கும், ஆர்டர் வந்தால் மரச்சட்டம் அடித்து லாரி சர்வீஸில் போகும். கர்நாடகப் பதிவை இன்னும் எடுக்கவில்லை. ஆவணி விற்பனையைப் பார்த்துவிட்டு, தைக்கு முன் முடிவெடுப்பேன்.