போலார் ஃபிளீஸ் மீட்டர் துணி: நெல்லைக்கு எந்தக் கனம் சரி?

வெயில் கொளுத்துகிற ஊரில், குளிருக்குப் போடுகிற பஞ்சு எழுப்பிய ஃபிளீஸ் துணி எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் குற்றாலத்தில் குளித்துவிட்டுச் சாரல் காற்றில் நடுங்கும் பிள்ளைகளுக்கும், மாஞ்சோலை தாண்டி நாலுமுக்கு, ஊத்து வரை போகிறவர்களுக்கும், நெல்லை எக்ஸ்பிரஸ் ஏ.சி. பெட்டியில் இராத்திரி முழுக்கப் பயணம் செய்கிறவர்களுக்கும் இது தேவைப்படுகிறது. இவர்கள் எல்லோருக்கும் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 100 கிராம்) மைக்ரோ ஃபிளீஸ் என்கிற மெல்லிய வகையே போதும். 200 ஜிஎஸ்எம் மலையில் இராத்தங்குகிறவர்களுக்கு. 300 ஜிஎஸ்எம் எடுத்தால் இந்த ஊரில் பீரோவிலேயே கிடக்கும். அந்தக் காசுக்கு நல்ல மைக்ரோ துணி கூடுதலாகவே கிடைக்கும்.

ஃபிளீஸ் என்று கேட்டால் கடையில் எடுத்துப் போடுவது இரண்டில் ஒன்றாக இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஃபிளீஸ் என்பது பருத்தி கலந்த பின்னல் துணியை. வெளிப்பக்கம் வழவழப்பு, உள்பக்கம் மட்டும் பஞ்சு எழுப்பியிருக்கும். போலார் ஃபிளீஸ் முழுக்கப் பாலியெஸ்டர், இரண்டு பக்கமும் பஞ்சு. சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும், பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். சாரலுக்குப் போலார்தான் சரி. பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு காய மறுக்கும்.

தரத்தைக் கண்டுபிடிக்கக் கைதான் கருவி. துணியின் மூலையை உள்ளங்கையால் முப்பது தடவை அழுத்தித் தேயுங்கள். உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரண்டால் அது ஆன்டி-பில், அதாவது பஞ்சு திரளாமலிருக்கும் பக்குவம், செய்யாத துணி. நாலு சலவையில் பழசாகிவிடும், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அடுத்து அகல வாக்கில் இழுத்து விடுங்கள், பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் திட்டுத்திட்டாக மெலிவு தெரியக் கூடாது. அகலம் பெரும்பாலும் 58 முதல் 60 அங்குலம். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தொப்பி வைத்த சட்டைக்கு ஒரு மீட்டர், பெரியவருக்கு இரண்டு மீட்டர் வாங்கினால் தாராளம்.

வெட்டும்போது பஞ்சு சாய்ந்திருக்கும் திசையைக் கையால் தடவிப் பார்த்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வையுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் திசை மாறினால், தைத்த பிறகு இரண்டு நிறம் போலத் தெரியும். நல்ல பக்கம் எது என்று தெரியவில்லையா? அகல வாக்கில் வெட்டிய விளிம்பை இழுங்கள். அது உள்பக்கம் நோக்கிச் சுருளும்.

தையலில்தான் பெரும்பாலும் துணி கெடுகிறது. சாதாரண ஊசி பின்னல் இழையை அறுத்து ஓட்டை போடும், இடையிடையே தையலும் விட்டுப்போகும். முனை உருண்டையான பால் பாயிண்ட் ஊசி 14ஆம் நம்பர் போடுங்கள், மைக்ரோவுக்கு 12. நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். இந்தத் துணி இழுபடும், காட்டன் நூல் இழுபடாமல் அறுந்துவிடும். தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல். ஜிக்ஜாக் இருந்தால் அரை மி.மீ. அகலம் கொடுங்கள். வீட்டுக் கறுப்பு மிஷினில் அது இருக்காது. மேல்நூல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்தினால் போதும்.

தையல் அலை அலையாக நெளிந்தால் மிஷினின் பாதம் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) துணியை மிதித்து நீட்டுகிறது என்று பொருள். பாதத்தின் அழுத்தத் திருகை மேலே தளர்த்துங்கள், துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். தோள் தையலுக்குள் மெல்லிய காட்டன் நாடாவைச் சேர்த்துத் தைத்தால் தோள் தொங்காது. ஜிப் வைக்கிற இடத்தில் முதலில் கையால் இழையோட்டிவிடுங்கள். குண்டூசி இந்தப் பஞ்சுக்குள் காணாமல் போகும், கிளிப் நல்லது. விளிம்பு பிரியாது என்பதால் ஓவர்லாக் தேவையே இல்லை. டெய்லர் அதற்குத் தனிக்கூலி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வேலை முடிந்ததும் பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சைத் தூரிகையால் தட்டுங்கள்.

தேய்ப்புப் பெட்டி இதன் மேல் படவே கூடாது. சூட்டில் பஞ்சு நசுங்கிப் பளபளவென்று தடம் விழும், அது திரும்ப எழாது. மடிப்பை விரலால் அழுத்தினாலே நிற்கும். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், சோப்புத்தூள் குறைவாகப் போட்டு அலசுங்கள். துவைகல்லில் அடித்தாலும் பிரஷ் போட்டாலும் பஞ்சு திரளும். மணத்துக்காக ஊற்றும் கண்டிஷனர் இழையில் படிந்து மெதுமையைக் கெடுக்கும். தண்ணீரை அதிகம் உறிஞ்சாத இழை என்பதால் நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். நம் உச்சி வெயிலில் போட்டு நிறத்தைக் கெடுக்க வேண்டாம்.

கைக்குழந்தைக்கு எடுக்கிறவர்கள் கவனியுங்கள். இது வேர்வையை உறிஞ்சாது, அதனால் உள்ளே பருத்திச் சட்டை கட்டாயம். ஊரில், வீட்டுக்குள் தூங்கும் பிள்ளையை இதில் சுற்றவே வேண்டாம். அடுப்படியிலும் கற்பூர ஆரத்தியின் பக்கத்திலும் இதைப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.