ஏவி சாகன்பாகர்-ஷ்டேலேயும் கிளாடியா நிஷ்டாடும்: ஓர் ஒப்பீடு
2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கு ரிலே தங்கம் வென்ற ஜெர்மனி அணியில் இருவரும் இருந்தனர். அன்று கடைசிக் கட்டத்தில் நார்வேயின் அனிதா மோயனை முந்தியவர் ஏவி. 2010 வான்கூவர் அணி ஸ்பிரிண்ட்டில் (இருவர் மாறி மாறிச் சறுக்கும் குறுந்தூரப் போட்டி) இருவரும் சேர்ந்து களமிறங்கியபோது, இறுதி நேர்பாதையில் சுவீடனின் அன்னா ஹாகை முந்தித் தங்கம் தேடித் தந்தவர் கிளாடியா. தனிநபர் ஸ்பிரிண்ட் வெள்ளி ஏவிக்கு 2002இலும் கிளாடியாவுக்கு 2006இலும் கிடைத்தது.

வேறுபாடு அதன் பிறகுதான். பனியில் சறுக்கி மூச்சு இரைக்க வந்து நின்று, துப்பாக்கியை அசையாமல் பிடித்துச் சுட வேண்டிய பயாத்லானுக்கு 2012இல் மாறிய ஏவியின் துணிச்சலே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆயினும் 2014 சோச்சியில் அவர் பெற்ற நான்காம் இடம், ஊக்கமருந்துச் சோதனை முடிவால் பறிபோனது; இரண்டாண்டுத் தடையை விளையாட்டு நடுவர் நீதிமன்றம் பின்னர் ஆறு மாதமாகக் குறைத்தது. 2010இல் ஓய்வு பெற்றிருந்த கிளாடியாவோ பழைய தடத்துக்கே திரும்பி, அதே சோச்சியில் ரிலே வெண்கலம் வென்றார்.