மானிட்டருக்கு டைப்-சி கேபிள் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் நடந்ததை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. அந்த ஒரு கடைக்குப் போகாமல் இருந்தால் தீர்ந்துவிடும் விஷயமும் இல்லை இது, அதே அட்டைப்பெட்டி அந்தத் தெருவில் வேறு கடைகளிலும் தொங்குகிறது.

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில். மானிட்டரில் டைப்-சி இருக்கிறது, ஒரே கேபிளில் படமும் போகும், லேப்டாப்புக்கு சார்ஜும் ஏறும். கூட வந்த கேபிள் மேசைக்கு எட்டவில்லை என்பதால் நீளமாக ஒன்று வாங்கப் போனேன். மானிட்டருக்குப் படம் வரணும், எஸ்எஸ்டியையும் (வெளியே செருகுகிற வேகமான ஸ்டோரேஜ்) இதிலேயே போடுவேன், 10 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 10 கிகாபிட்) வேகம் வேண்டும் என்று தெளிவாகவே கேட்டேன். "இதுதான் சார், 4கே, 100 வாட், 10 ஜிபிபிஎஸ், எல்லாமே வரும்" என்று கடைக்காரர் இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெட்டியிலும் அதே மூன்றும் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. 850 ரூபாய். பில்லில் மட்டும் வெறும் "டைப்-சி கேபிள்".

வீட்டில் போட்டால் சார்ஜ் ஏறுகிறது, படம் வரவில்லை. எஸ்எஸ்டியில் போட்டால் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டவே இல்லை, அதே எஸ்எஸ்டி அதனுடைய குட்டிக் கேபிளில் 900 எம்பி வரை போகிறது. 200 ஜிபி ஃபுட்டேஜ் நான்கு நிமிடத்தில் ஏறுவதும் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதும் ஒன்றா?

திரும்பக் கொண்டுபோனால், எனக்கு ஆத்திரம் வந்ததே அங்கேதான். "சார்ஜ் ஏறுதுல்ல சார், அப்போ கேபிள் நல்லாத்தான் இருக்கு, உங்க லேப்டாப் போர்ட்தான் போயிருக்கு, விட்டுட்டுப் போங்க, போர்டைக் கழட்டிப் பார்த்துடலாம், 3,500 ஆகும்" என்கிறார். பையில் பழைய கேபிளைக் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் கடையிலேயே இருந்த டைப்-சி மானிட்டரில் அதைப் போட்டதும் படம் வந்தது, அவர் கொடுத்ததைப் போட்டதும் போய்விட்டது. அப்புறமும் பணம் தர மறுத்து, பில்லின் அடியில் இருந்த "விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைக் காட்டினார். விவரம் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் நல்ல லேப்டாப்பைக் கழற்ற விட்டுவிட்டு வந்திருப்பார், அதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

விஷயம் இதுதான். டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டும். உள்ளே என்ன கம்பி ஓடுகிறது என்பதை அந்த வடிவம் சொல்லாது. 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0-வின் 480 எம்பிபிஎஸ் (இது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால்தான் எம்பி) கம்பியும் டைப்-சி முனையோடு வரும், 40 ஜிபிபிஎஸ் கேபிளும் அதே முனையோடு வரும். சார்ஜுக்கான கம்பிகள் தனி, படத்துக்கும் வேகமான டேட்டாவுக்குமான ஜோடிக் கம்பிகள் தனி. அதனால் சார்ஜ் ஏறுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. 2023-இல் வந்த ஐபோன் 15-இன் பெட்டியில் இருக்கும் கேபிள்கூட 480 எம்பிபிஎஸ்தான், ஆனால் அதை யாரும் 10 ஜிபிபிஎஸ் என்று சொல்லி விற்கவில்லை.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. போன் டார்ச்சை அடித்து, முனையின் வாய்க்குள் பாருங்கள். தங்க நிறத்தில் குட்டிக் குட்டித் தகடுகள் வரிசையாகத் தெரியும். எனக்குக் கொடுத்த கேபிளில் ஓரத்தில் ஒரு தகடு, அதற்கடுத்த இரண்டு இடம் காலி, அப்புறம் மறுபடி தகடு, அந்தப் பக்க ஓரத்திலும் இதே மாதிரி. அந்தக் காலி இடங்களில்தான் வேகமான டேட்டாவும் படமும் போகிற தகடுகள் இருக்க வேண்டும். காலியாக இருந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் எல்லாத் தகடும் இருக்கிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம், தகடு மட்டும் வைத்துவிட்டுக் கம்பி கொடுக்காத கேபிள்களும் விற்கிறார்கள். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய்ப் படம் வருகிறதா, ஒரு பெரிய ஃபைல் என்ன வேகத்தில் காப்பி ஆகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நீளத்தையும் கவனியுங்கள். 10 ஜிபிபிஎஸ் சாதாரண கேபிள் பெரும்பாலும் ஒரு மீட்டரோடு நின்றுவிடும், அதற்கு மேல் நீளம் வேண்டுமென்றால் பெரும்பாலும் உள்ளே சிப் வைத்த கேபிள் வேண்டும். 100 வாட் என்றாலும் அப்படித்தான், 60 வாட்டைத் தாண்ட முனைக்குள் ஒரு அடையாளச் சிப் இருந்தே ஆக வேண்டும். எச்டிஎம்ஐ வாங்குபவர்கள் "2.1 கேபிள்" என்ற அச்சை நம்பாமல், அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற சான்றிதழ் ஸ்டிக்கர் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், அதிலுள்ள க்யூஆர் கோடை எச்டிஎம்ஐ அமைப்பின் ஆப்பிலேயே ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம்.

வயர்லெஸ்ஸிலும் இதே கதை நடக்கிறது. நண்பர் ஒருவருக்கு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினாலே மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது, மவுஸ் போச்சு என்று சொல்லிப் புதிதாக ஒன்றை விற்றுவிட்டார்கள், அதுவும் அப்படியே திக்கியது. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது, வயர்லெஸ் மவுஸ் பெரும்பாலும் ஓடுவதும் அதே அலைவரிசையில்தான். மவுஸோடு வரும் குட்டி ரிசீவரை (டாங்கிள்) ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டுச் சற்றுத் தள்ளி வைத்ததும் பழைய மவுஸே ஒழுங்காக ஓடியது.

"திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். பில், பெட்டி, கேபிள் மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறேன், கடுப்பில் கேபிளை வெட்டிப் பார்க்கத் தோன்றும், வெட்டிவிடாதீர்கள். இனி நீங்கள் வாங்கும்போது பில்லில் "10 ஜிபிபிஎஸ், டிஸ்ப்ளே வரும்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.