வகுப்பறை சென்ஸரி கிட்: ஐந்து பொருளில் இரண்டுதான் தேறும்

சத்தம், தொடுதல், அசைவு போன்ற புலனுணர்வுகளால் வகுப்பில் நிலையாக உட்காரத் திணறும் குழந்தைகளுக்கான பொருட்களின் தொகுப்புதான் சென்ஸரி கிட். சென்னையில் பல பள்ளிகள் இப்போது அதைப் பெட்டியாகவே வாங்கி வைக்கின்றன. உட்காரும் காற்று குஷன், மடியில் வைக்கும் வெயிட் பேட், குழந்தை காலால் உதைத்து அசைக்க நாற்காலிக் காலில் கட்டும் ரப்பர் பேண்ட், காதை மூடிச் சத்தத்தைக் குறைக்கும் இயர் மஃப், கடிப்பதற்கான சிலிகான் பதக்கம் என ஐந்து பொருள். குஷனும் பேண்டும் காசுக்குத் தகும். மற்ற மூன்றையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) குழந்தையை வகுப்பிலேயே வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

குஷனில் நடக்கும் பெரிய தவறு, முழுக்க ஊதிவிடுவது. அப்போது விழாமல் உட்காருவதற்கே குழந்தையின் கவனம் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு காற்று போதும். உட்கார்ந்தால் அடி தட்டக்கூடாது, லேசாக அசைய வேண்டும், அவ்வளவுதான். குஷன் உயரத்தைக் கூட்டுவதால் கால் அந்தரத்தில் தொங்கும். கால் ஊன்றாவிட்டால் உடம்பு நிலைக்காது, கையெழுத்தும் கோணும். பழைய நியூஸ்பேப்பர் கட்டை டேப் சுற்றிக் காலடியில் வைத்தாலே சரியாகிவிடும். குஷனின் ஒரு பக்கம் முள்முள்ளாக இருக்கும். தொடு உணர்வு தாங்காத பிள்ளைக்கு வழுவழுப்பான பக்கம்தான் மேலே வர வேண்டும். அரை டிராயர் யூனிஃபார்மில் அந்த முள் நேராகத் தொடையில் குத்தும். ஜூன் மாதப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் ஒட்டும், ஒரு பருத்தித் துண்டைப் போர்த்திவிடுங்கள். நீள பெஞ்சில் வைத்தால் பக்கத்துப் பிள்ளைக்கும் இடைஞ்சல், தனி நாற்காலி வேண்டும்.

பேண்டை நாற்காலியின் முன்கால்கள் இரண்டிலும், கெண்டைக்கால் உயரத்தில் கட்டுங்கள். ஸ்டீல் நாற்காலியில் வழுக்கி இறங்கும், கட்டும் இடத்தில் துணி டேப் சுற்றினால் நிற்கும். பேண்டின் லேட்டக்ஸ் ரப்பர் வெயிலில் பிசுபிசுத்து, சின்னக் கீறலிலேயே பட்டென்று அறுந்து காலில் அடிக்கும். வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். லேட்டக்ஸ் அலர்ஜி உண்டா என்று பெற்றோரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது அவசியம்.

வெயிட் பேடை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் என்பது வழக்கக் கணக்கு. 2 கிலோ பேட் 20 கிலோ குழந்தைக்கே உச்ச வரம்பு. 16 கிலோ யூகேஜி பிள்ளைக்கு அது 12.5 சதவீதம். எடை வைத்தால் கவனம் கூடும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் வலுவாக இல்லை. கொடுத்தாலும், குழந்தை தானே எடுத்துவிட முடிய வேண்டும்.

இயர் மஃப் பிரேயர், ஆண்டு விழா ஒத்திகை மைக் போன்ற நேரத்துக்கு மட்டும். நாள் முழுக்கப் போட்டால் சாதாரணச் சத்தமும் பிறகு தாங்காமல் போகலாம். கடகடவென்று சுற்றும் ஃபேனுக்கு அடியிலிருந்து இடம் மாற்றிப் பாருங்கள், செலவே இல்லை. பதக்கத்தில் பல் தடம் ஆழமாகப் பதிந்தால் அன்றைக்கே தூக்கிப் போட வேண்டும். கயிறு இழுத்தால் கழன்றுகொள்ளும் வகையாக இருக்கட்டும்.

எதைக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் ஒரு வாரம், பின் இரண்டு வாரம் ஒரே பாடவேளையில் குறியுங்கள்: எத்தனை நிமிடம் உட்கார்ந்தான், எத்தனை வரி எழுதினான். மாற்றம் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். “மற்ற பிள்ளைகளும் கேட்பார்கள்” என்று மறுக்கும் பள்ளியிடம், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டும் என்கிற 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவைக் காட்டலாம். மதிப்பீட்டுக்கு முட்டுக்காட்டிலுள்ள ஒன்றிய அரசின் நிப்மெட் (NIEPMD) என்ற பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் ஆக்குபேஷனல் தெரபி பிரிவு இருக்கிறது.