ஒரே நாளில் போய்த் திரும்ப: நான்கு வழிச்சாலையா, பழைய சாலையா?

இரண்டு ஊர்களுக்கு இடையே 100 அல்லது 120 கிலோமீட்டர் தொலைவு இருந்து, காலையில் கிளம்பி அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் என்றால், பெரும்பாலும் இரண்டு வழிகள் கண்முன் நிற்கும். ஒன்று, ஊர்களைத் தொடாமல் புறவழியாகவே செல்லும், நடுத்தடுப்புள்ள நான்கு வழிச்சாலை. மற்றொன்று, அது வருவதற்கு முன்பு எல்லோரும் பயன்படுத்திய, ஒவ்வோர் ஊருக்குள்ளும் நுழைந்து வெளியேறும் இருவழிச் சாலை. அண்மையில் இப்படியொரு பயணத்துக்கு நான் நான்கு வழிச்சாலையைத் தேர்ந்தெடுத்தேன். போகும்போதும் அதுதான், வரும்போதும் அதுதான். பழைய சாலைகளின் மீது பிரியம் உள்ளவன் நான் என்பதால், இந்தத் தேர்வுக்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் சொல்லி முடித்துவிடலாம். நான்கு வழிச்சாலையில் பெரும்பாலும் சுங்கக் கட்டணம் உண்டு, பழைய சாலையில் பெரும்பாலும் இல்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதற்குப் பழைய சாலையே உகந்தது. நினைத்த இடத்தில் நிறுத்தலாம். சக்கரம் பஞ்சரானால் கூப்பிடு தூரத்தில் யாராவது இருப்பார்கள். குழந்தைக்கோ முதியவருக்கோ வழியில் உடம்புக்கு முடியாமல் போனால் அடுத்த ஊரிலேயே மருத்துவர் கிடைக்கக்கூடும். இவையெல்லாம் உண்மைதான். ஆனால், இவற்றில் எதுவும் இந்தக் கேள்வியைத் தீர்த்து வைப்பதில்லை.

நேரக் கணக்கு பலரும் நினைப்பதுபோல் அமைவதில்லை. 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பழைய சாலையில் 20 கிலோமீட்டர் ஊர்களுக்கு உள்ளே செல்வதாக வைத்துக்கொள்வோம். கடைத்தெரு, பள்ளி வாசல், வேகத்தடை, ரயில்வே கேட் என எல்லாம் சேர்ந்து அந்த 20 கிலோமீட்டரில் சராசரி வேகம் 20 ஆகக் குறைந்துவிட்டால், அதற்கு மட்டுமே ஒரு மணி நேரம் போய்விடும். மீதி 80 கிலோமீட்டரை 70 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 69 நிமிடங்கள் ஆகும். மொத்தம் 2 மணி 9 நிமிடம். சராசரி வேகம் 47-ஐக்கூடத் தொடாது. வெட்டவெளியில் 70-க்குப் பதிலாக 80-இல் விரட்டினால் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்த்தால், வெறும் 9 நிமிடம்தான். ஊருக்குள் இழந்த நேரத்தை வெளியே விரட்டிப் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பழைய சாலையில் பலரும் அவசரப்படுகிறார்கள். கணக்கு அந்த அவசரத்துக்கு ஆதரவாக இல்லை.

இதே கணக்கு நான்கு வழிச்சாலைக்கும் பொருந்தும். 120 கிலோமீட்டரை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 90 நிமிடம், 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 72 நிமிடம். அந்த 18 நிமிட மிச்சத்துக்குக் கொடுக்கும் விலை எரிபொருளில் தெரியும். காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 80-இலிருந்து 100-க்குப் போகும்போது வண்டி எதிர்கொள்ளும் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. ஆகவே, நான்கு வழிச்சாலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதில் 80-இலேயே போகலாம் என்பது என் கருத்து. வேகத்துக்காக அந்தச் சாலையை நான் பரிந்துரைக்கவில்லை. திரும்பி வரும் பயணத்தை எண்ணியே பரிந்துரைக்கிறேன்.

ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணத்தைத் திட்டமிடும்போது நம் சிந்தனை முழுவதும் போகும் வழியிலேயே நின்றுவிடுகிறது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது என்று பேசுவோம்; திரும்புவதைப் பற்றிக் கேட்டால் "சாயங்காலம் கிளம்பிவிடலாம்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடித்துக்கொள்வோம். ஆனால் போகும்போது ஓட்டுபவர் தூங்கி எழுந்த தெளிவோடு, காலை வெளிச்சத்தில், ஓரளவு காலியான சாலையில் ஓட்டுகிறார். வரும்போதோ அதே மனிதர், பகல் முழுவதும் அலைந்த களைப்போடு, போன வேலை நினைத்ததைவிட இழுத்துவிட்டதால் தாமதமாகக் கிளம்பி, இருட்டில், வீடு திரும்பும் மற்றவர்களின் நெரிசலுக்கு நடுவே ஓட்ட வேண்டியிருக்கிறது. எந்தச் சாலை நல்லது என்ற கேள்வியை இந்த இரண்டாவது மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

இருவழிச் சாலையில் இரவில் ஒரு லாரியை முந்துவதை எடுத்துக்கொள்வோம். லாரி 50 கிலோமீட்டர் வேகத்திலும் நாம் 80 கிலோமீட்டர் வேகத்திலும் போகிறோம். லாரிக்குப் பின்னால் விட்ட இடைவெளி, லாரியின் நீளம், முந்திய பிறகு முன்னால் விட வேண்டிய இடைவெளி ஆகிய மூன்றும் சேர்ந்து 50 மீட்டர் என்றால், அதைக் கடக்க 6 விநாடிகள் ஆகும். அந்த 6 விநாடிகளில் நம் வண்டி எதிர்த்தடத்தில் 133 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே ஒரு வண்டி 80-இல் வந்தால் அதுவும் 133 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, முந்தத் தொடங்கும்போது குறைந்தது 270 மீட்டர் தூரம் காலியாக இருக்க வேண்டும். இதில் தவறுக்கு இடமளிக்கும் உபரித் தூரம் எதுவும் சேரவில்லை. பகலில் இந்தத் தூரத்தைக் கண் ஒரு பார்வையில் அளந்துவிடும். இரவில் தெரிவது வெளிச்சப் புள்ளிகள் மட்டுமே. இரண்டு விளக்குகள் நெருங்கித் தெரிந்தால் அது தொலைவில் வரும் காரா, அருகில் வரும் சிறிய வண்டியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒற்றை விளக்கு தெரிந்தால் அது பைக்காகவும் இருக்கலாம், ஒரு பக்க விளக்கு எரியாத லாரியாகவும் இருக்கலாம். நடுத்தடுப்புள்ள சாலையிலும் அதே லாரியை முந்த அதே 6 விநாடிகள்தான் ஆகும். ஆனால், எதிரே வருவது என்ன என்ற ஊகமே அங்கே பெரும்பாலும் தேவைப்படாது.

அடுத்தது, எதிர்வெளிச்சம். இருவழிச் சாலையில் எதிர்ப்போக்குவரத்து தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால் முகப்பு விளக்கை ஏறக்குறைய முழு நேரமும் லோ பீமிலேயே வைத்திருக்க வேண்டும். லோ பீமில் பயன்படும் அளவுக்கு வெளிச்சம் விழும் தூரம் சுமார் 40 முதல் 60 மீட்டர். பிரிட்டனின் சாலை விதிநூல் தரும் கணக்கின்படி, 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட நொடியிலிருந்து முழுதாக நிற்பதற்குள் 53 மீட்டர் ஓடிவிடும். 96 கிலோமீட்டர் வேகத்தில் 73 மீட்டர். அதாவது 80-இலேயே விளிம்பில்தான் நிற்கிறோம். அதற்கு மேல் போனால், வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியாது. இதற்கு நடுவே எதிரே வருபவர் ஹை பீமைக் குறைக்காமல் கடந்து போனால், கண் மீண்டும் இருட்டுக்குப் பழகச் சில விநாடிகள் ஆகும். வயது கூடக்கூட அந்த நேரமும் கூடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சில விநாடிகளின் நீளம் புரியும். அந்த இடைவெளியில்தான் பின்விளக்கு இல்லாத மிதிவண்டியோ, பிரதிபலிப்புப் பட்டை ஒட்டாத டிராக்டர் டிரெய்லரோ, சாலையோரம் நடந்து போகும் மனிதரோ வர வாய்ப்பிருக்கிறது. நடுத்தடுப்பில் செடிகளோ ஒளித்தடுப்புப் பலகைகளோ இருக்கும் சாலையில் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிடுகிறது.

எந்தச் சாலையானாலும், திரும்பக் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு சின்ன வேலைகள் உண்டு. முன்கண்ணாடியின் உட்புறத்தை ஒரு காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். அங்கே படியும் மெல்லிய படலம் பகலில் கண்ணில் படாது. இரவில் எதிர்வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுவதும் மங்கலாகப் பரவிவிடும். இரண்டாவது, பின்னிருக்கையில் ஆட்களும் டிக்கியில் சுமையும் ஏறியிருந்தால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முகப்பு விளக்கு மேல்நோக்கிப் பாயும். பல கார்களில் ஸ்டியரிங்குக்கு அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறிய திருகி ஒன்று இருப்பது இதற்காகத்தான். அதைக் கடைசிவரை தொடாமலேயே வண்டியை விற்றுவிடுபவர்கள் ஏராளம்.

"இருட்டுவதற்குள் திரும்பிவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் திட்டத்தைச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். சூரியன் மறைந்த பிறகு ஓட்டுவதற்குப் போதுமான அந்தி வெளிச்சம் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் 20, 25 நிமிடங்கள் மட்டுமே நிற்கும். அதிலிருந்து விலக விலக அது நீளும். மாலை 6 மணிக்குச் சூரியன் மறைகிறது என்றால், பழைய சாலையில் வெளிச்சத்திலேயே வீடு சேர 3.30 மணிக்காவது கிளம்ப வேண்டும். நான்கு வழிச்சாலையில் 4.15 வரை தாமதிக்கலாம். போன இடத்தில் கிடைக்கும் அந்த முக்கால் மணி நேரம் பகல் பொழுதின் பெரும் பங்கு. அதைவிட முக்கியம், 4.15 என்பது 5.30 ஆகிப்போனாலும் நான்கு வழிச்சாலையில் நிலைமை அவ்வளவாக மோசமாகிவிடாது. பழைய சாலையில் தாமதத்தின் ஒவ்வொரு நிமிடமும் இருட்டில் ஓட்டும் நிமிடமாக மாறும்.

திசையையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. போகும் ஊர் கிழக்கே இருந்தால் காலையில் சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும், மாலையில் திரும்பும்போதும் முகத்துக்கு நேரேதான் இருக்கும். மேற்கே இருந்தால் இரண்டு வேளையும் முதுகுப் பக்கம். கிழக்கே போய்த் திரும்புபவர் சூரியன் சாய்ந்திருக்கும் கடைசி ஒரு மணி நேரத்தை வண்டியில் கழிக்காதபடி கிளம்பும் நேரத்தை முன்னேயோ பின்னேயோ தள்ளிக்கொண்டால் கண்ணுக்கு நல்லது. கூகுள் மேப்ஸில் பயண நேரம் பார்க்கும்போதும் காலையில் காட்டும் நேரத்தை அப்படியே மாலைக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புறப்படும் நேரத்தைக் கொடுத்துத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நான்கு வழிச்சாலைக்கும் குறைகள் உண்டு, அவை சாதாரணமானவையும் அல்ல. முதலாவது தூக்கம். திருப்பமோ காட்சி மாற்றமோ இல்லாமல் நேராகப் போகும் சாலை கண்ணை மயக்கும். பிற்பகல் 2 முதல் 4 மணி வரை உடல் இயல்பாகவே சோர்வடையும் நேரம் என்பதால், மதியம் வயிறு நிறைய உண்டுவிட்டு உடனே கிளம்புபவருக்கு இந்தச் சாலை உண்மையாகவே ஆபத்தானது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 நிமிட ஓய்வு என்பது அதே பிரிட்டிஷ் விதிநூல் சொல்லும் அளவு. தூக்கம் வந்துவிட்டால் காபி குடித்துவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கும்வரை 15, 20 நிமிடங்கள் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திக் கண்ணயர்வதுதான் சரியான வழி. ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாட்டைச் சத்தமாக வைப்பது ஏமாற்று வேலை. இரண்டாவது குறை, விளக்கு இல்லாமல் சாலையோரத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் கனரக வாகனங்கள். எங்கே இவை வழக்கமோ அங்கே ஓரத் தடத்தில் இரவில் ஓட்டும்போது மேலும் கவனம் வேண்டும். மூன்றாவது, விபத்தால் சாலை அடைபட்டால் அடுத்த வெளியேறும் வழி வரை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பழைய சாலையில் ஏதாவதொரு கிளைப் பாதை கிடைத்துவிடும்.

காலையில் பழைய சாலை, மாலையில் நான்கு வழிச்சாலை என்று கலந்துகொள்வது அழகான தீர்வு என்று தோன்றும். போன இடத்தில் குறித்த நேரத்தில் முடிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லையென்றால் நானும் அதை ஆதரிப்பேன். வேலை இருக்கிறது என்றால், காலையில் பழைய சாலை எடுத்துக்கொள்ளும் கூடுதல் முக்கால் மணி நேரம் மாலையில் கிளம்பும் நேரத்தில்தான் வந்து விழும்.

நான் ஓட்டுவது பெட்ரோல் கார்; ஓட்டியதும் பெரும்பாலும் சமவெளியில். மலைப்பாதை குறுக்கிடும் வழிகளில் எனக்கு அனுபவம் குறைவு என்பதால் அங்கே இதே தீர்ப்பைச் சொல்லத் தயங்குகிறேன். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு எரிபொருள் கணக்கு தலைகீழாகலாம். நின்று நின்று போகும் சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஆற்றலின் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது, சீரான அதிவேகத்தில் அந்த ஆதாயம் இல்லை. எனினும் இருட்டும் எதிர்வெளிச்சமும் அவர்களுக்கும் ஒன்றுதான். இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் முதலில் அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். பல நாடுகளின் அதிவேகச் சாலைகளில் சிறிய பைக்குகளுக்கு இடமே இல்லை. இடம் இருந்தாலும், கனரக வாகனங்கள் வேகமாகக் கடக்கும்போது எழும் காற்று சிறிய வண்டியை அசைத்துவிடும். அவர்களுக்கு என் யோசனை, பழைய சாலையையே எடுத்துக்கொண்டு, மதியத்தோடு வேலையை முடித்துத் திரும்பிவிடும்படி பயணத்தைச் சுருக்கிக்கொள்வது.