ஏற்காடு ஏற்றமும் பின்சக்கர டர்போ காரும்: பிஎம்டபிள்யூ 330ஐ நீண்டநாள் அனுபவம்

சேலத்தில் இருந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் செடான் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் ஏற்காடு ரோட்டைத்தான் காட்டுவேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வண்டியின் உண்மையான குணம் அங்கே தெரிந்துவிடும்.

என்னுடையது பின்சக்கரங்கள் இயங்கும் பிஎம்டபிள்யூ 330ஐ, 2019இல் வந்த ஜி20 தலைமுறை. 1,998 சிசி, நாலு சிலிண்டர், 258 எச்பி. மலைக்கு அந்த எச்பியைவிட முக்கியம் 400 என்எம் டார்க், அதாவது சுழற்றும் விசை. அது 1,550 ஆர்பிஎம்மிலேயே முழுதாகக் கிடைக்கிறது. காரணம், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் ட்வின் ஸ்க்ரோல் டர்போ: 1, 4 சிலிண்டர்களின் புகை ஒரு வழியாகவும், 2, 3இன் புகை வேறு வழியாகவும் டர்பைனுக்குப் போகிறது. ஒன்றின் அழுத்தம் இன்னொன்றைக் கெடுப்பதில்லை.

மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜின் சேலத்தில் தந்த பலத்தில் பத்தில் ஒரு பங்கை மேலே இழந்துவிடும். டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி அதை ஈடுகட்டுகிறது. கடைசி வளைவிலும் பிக்கப் அப்படியே இருக்கிறது!

வளைவில் பாதி ஏறும்போது எதிரே பஸ் இறங்கும். ரோடு முழுக்க அதற்குத்தான். நாம் சரிவிலேயே நிற்க வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபடி கிளம்பும் அந்த நொடியில்தான் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது புரியும். மச்சானிடம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 இருக்கிறது. 370 என்எம் முழுவதும் முன்சக்கரத்துக்கு. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் உள்பக்க முன்சக்கரம் சுழலப் பார்க்கும். இரு சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரித்துத் தரும் எலக்ட்ரானிக் டிஃப்ரென்ஷியல் வெளிச்சக்கரத்துக்கு டார்க்கை அனுப்பி அதை அடக்கும். நல்ல வண்டி, ஹைவேயில் இன்னும் நல்ல வண்டி. ஆனால் பின்சக்கர வண்டிக்கு அதே எடை சாதகம்: முன்சக்கரம் திருப்புகிறது, பின்சக்கரம் தள்ளுகிறது, ஸ்டீயரிங்கில் எந்த உதறலும் இல்லை. எட்டு கியர் டார்க் கன்வர்ட்டர் (திரவம் வழியே பலத்தைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) என்பதால் சரிவில் ஊர்ந்து கிளம்புவதும் மென்மை.

ஐப்பசி மழையில் பாசியும் இலையும் கிடக்கும் வளைவில் ஆக்ஸிலேட்டரை அவசரமாக மிதித்தால் பின்பக்கம் லேசாக வழுக்கும், சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் ட்ராக்‌ஷன் கண்ட்ரோலின் விளக்கு மினுக்கும். அதற்காக நாலு சக்கர இயக்கம் தேடி பிஎம்டபிள்யூவின் எம்340ஐ காரை எடுக்க வேண்டுமா? 374 எச்பி ஆசை இருந்தால் எடுங்கள். பிடிமானத்துக்கு மட்டும் என்றால், நல்ல டயரே போதும் என்பேன்.

இறங்கும்போது டி-யில் (டிரைவ்) விடாதீர்கள். கையால் இரண்டாம் கியர் போடுங்கள். சின்ன பெட்ரோல் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பது (இன்ஜின் பிரேக்கிங்) கொஞ்சம்தான், அதனால் தாழ்ந்த கியர் வேண்டும்.

செலவில் உறுத்துவது டயர்தான். தாழ்ந்த சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) என்பதால் பள்ளத்தில் விழுந்து ஒன்று வீங்கிவிட்டது. அந்த அளவு இங்கே கடைகளில் கிடைக்காமல் பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். சேலத்தில் இந்த வகை வண்டி எடுப்பவர்கள் ஒரு டயரை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.