ஹெச்பிஎல்சி இரத்தப் பரிசோதனை: முடிவு துல்லியம், விளக்கம்தான் இல்லை

கோவையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில், என் மகளுக்கும் அவளுக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளைக்கும் ஹெச்பிஎல்சி பரிசோதனை செய்துகொண்டோம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களை அடையாளம் காட்டும் பரிசோதனை இது. அதே கவலையோடு இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நிறையையும் குறையையும் எழுதுகிறேன்.

மகளுக்குப் பள்ளி நாள்களிலிருந்தே இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவந்தோம். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் வீட்டில் ஓய்ந்ததே இல்லை. ஆயினும் ஹீமோகுளோபின் 11ஐ ஒட்டியே நின்றது. குடும்ப மருத்துவர்தான் ஒருநாள் பழைய அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்து, சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 64 ஆகவும், சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சமாகவும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இரும்புச்சத்து குறைந்தால் அணுக்கள் சிறுப்பதோடு அவற்றின் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். இவளுக்கோ அணு சிறுத்திருக்க, எண்ணிக்கை கூடியிருந்தது. 64ஐ, எண்ணிக்கையைப் பத்து லட்சக் கணக்கில் சொன்னால் வரும் 5.6ஆல் வகுத்தால் 11.4 வருகிறது, 13க்குக் கீழே வந்தாலே தலசீமியாவை நினைக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை என் நாத்தனார் மகன். இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்பதால், ஒரு மரபணு இரண்டு பக்கமும் வந்திருக்கும் வாய்ப்பு அயலாரைவிட அதிகம்.

இரத்தம் எடுத்த விதத்தில் குறையே சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் வரவேண்டியதில்லை என்று தொலைபேசியிலேயே தெளிவாகச் சொன்னார்கள். எடுத்த பெண், ஊதா மூடி போட்ட குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டும்போது பெயரையும் வயதையும் வாய்விட்டுப் படித்து, மகள் தலையசைத்த பிறகே குழாயைத் தட்டில் வைத்தார். ஒருவருக்கு 1,100 ரூபாய். இரண்டாம் நாள் அறிக்கை வந்துவிட்டது. ஹீமோகுளோபினின் வகைகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் கருவி என்பதால், அறிக்கையில் மேடும் பள்ளமுமாக ஒரு வரைபடமும் இருந்தது. வழக்கமாக 3.5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டிய ஏ2 வகை, மகளுக்கு 5.4. இன்னொரு பரம்பரை இரத்த நோயான அரிவாள் அணுச் சோகையைக் காட்டும் எஸ் வகையும் இதே கருவியில் தெரிந்துவிடும். அந்தத் தன்மை நீலகிரிப் பழங்குடி மக்களிடையே 1952லேயே கண்டறியப்பட்டிருக்கிறது.

குறை இதற்குப் பிறகுதான். இரவு ஒன்பதரை மணிக்கு அறிக்கை மகளின் கைப்பேசிக்கு வந்தது. ‘பீட்டா தலசீமியா டிரெய்ட்’ என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அவள் அந்தப் பெயரைத் தேடி, கையில் ஊசியோடு படுத்திருக்கும் குழந்தைகளின் படங்களைப் பார்த்துவிட்டு, “அம்மா, எனக்கும் மாசாமாசம் ரத்தம் ஏத்தணுமா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு இருவருமே தூங்கவில்லை. மறுநாள் காலை நிலையத்தில் கேட்டதற்கு, “டாக்டர்கிட்ட காட்டுங்க” என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை.

இரத்தவியல் மருத்துவர் ஒருவர் இருபது நிமிடத்தில் எங்கள் பயத்தைத் தெளிய வைத்தார். டிரெய்ட் என்றால் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பது. அப்படிச் சுமப்பவர் நோயாளி அல்லர். அவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. கணவன் மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில், ஆயுள் முழுதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டிய கடுமையான நோயோடு குழந்தை பிறக்கலாம். முதல் குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது என்பதால் அடுத்ததற்கு அந்த வாய்ப்பு குறைவதில்லை. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. அப்படிப்பட்ட தம்பதியர் விரும்பினால், பத்து முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்து அறிந்துகொள்ளலாம். இதையெல்லாம் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு அறிக்கையோடு இணைக்க எவ்வளவு செலவாகும்? 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனையோடு ஆலோசனையும் சேர்த்தே வகுக்கப்பட்டிருக்கிறது. கட்டணம் வாங்கும் நிலையத்திடம் அதை எதிர்பார்ப்பது தவறாகாது.

இன்னொரு குறை, நிலையத்தின் படிவத்தைப் பற்றியது. அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா, இரும்புச்சத்து அளவு என்ன என்ற இரண்டு கேள்விகளும் அதில் இல்லை. ஏற்றிய இரத்தம் முடிவைக் குழப்பும். இரும்புச்சத்து மிகக் குறைந்திருந்தால் ஏ2 அளவு தாழ்ந்து, சுமப்பவரும் இயல்பானவர்போலத் தோன்றக்கூடும். முடிவு துல்லியமாக வந்தாலும், இவை தெரியாமல் அதைச் சரியாகப் படிக்க முடியாது.

நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கியது வீண். என் கணவருக்கும் டிரெய்ட் இருப்பது தெரிந்ததும், “எங்க பக்கத்துலேர்ந்துதானே வந்திருக்கு” என்று மகனை அழைத்துவந்து, தானும் கையை நீட்டினார். மாப்பிள்ளைக்கு ஏ2 2.6, எம்சிவி 88. அவர் சுமப்பவர் அல்லர் என்று மருத்துவர் உறுதி சொன்னார். பேரக்குழந்தைகள் மரபணுவைச் சுமக்கலாம், நோய் வராது. தை மாதத்தில் திருமணம்.

கல்லூரியில் படிக்கும் என் மகனையும் அடுத்த மாதம் இதே நிலையத்துக்குத்தான் அழைத்துச் செல்கிறேன். இம்முறை இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அது கிடைக்கும் நாளிலேயே இரத்தவியல் மருத்துவரிடம் நேரமும் வாங்கிவிட்டேன்.